லயத்துக் காம்பராவுக்கு எத்தனை வாட்?
மலையக வீடுகளில் வெளிச்சம், சூடு, குளிர்ச்சிக்கான துணை மின்வழிகள் குறித்து ஓர் ஆய்வு

கரண்ட் போனால் சமவெளியில் இருட்டும் புழுக்கமும். கொட்டகலையில் இருட்டும் குளிரும். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர் இது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பன்னிரண்டு பதின்மூன்று பாகைக்கு இறங்குகிற இரவுகள் உண்டு. ஜூன், ஜூலையில் நாட்கணக்கில் மழை, நாட்கணக்கில் மூடுபனி. தகரக் கூரையின் கீழே கைக்குழந்தையும் வயதானவர்களும் படுத்திருக்கிற காம்பராவில் மின்சாரம் நின்றால் எதைக் கொண்டு சமாளிப்பது?

2022இல் இந்தக் கேள்வி நம் முன்னே நேருக்கு நேர் வந்து நின்றது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. காஸ் சிலிண்டருக்கு நாடெங்கும் வரிசை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதே மாதத்தில் மின்கட்டணமும் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் ஏறியது. மின்சாரம், காஸ், மண்ணெண்ணெய் என்று ஒன்று கைவிட்டால் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மூன்றும் ஒரே ஆண்டில் எட்டாமல் போயின. நெருக்கடி தணிந்த பிறகும் கேள்வி தீரவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலையகத்தில் மண் சரிந்தபோது மின்கம்பியும் வீதியும் ஒன்றாக அறுந்த இடங்கள் பல.

நம் கைக்கு எட்டக்கூடிய துணைவழிகள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தாங்கும், எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்சாரத்திடம் வெளிச்சத்தையும் தொடர்பையும், அவசியமான இடத்தில் குளிரூட்டலையும் கேட்கலாம். சூட்டை மட்டும் கேட்கக் கூடாது. சூட்டுக்கான விடை கூரையிலும் அடுப்பிலும் இருக்கிறது.

வண்டியும் காம்பராவும்

கேரவன் என்றால் நமக்குத் தெரிந்தது சினிமா நடிகர்களின் வண்டி. பக்கத்திலேயே ஜெனரேட்டர் வேன் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கும். மேலைநாடுகளில் கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. குடும்பத்தோடு வாரக்கணக்கில் அதில் தங்குகிறார்கள். ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்களும் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, மறு ஆண்டு வாகமண் மலையில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. வாகமணும் தேயிலை வளரும் குளிர்மலைதான்.

இழுவை வண்டிவீடு ஒன்று சாதாரணமாக ஏழெட்டு அடி அகலமும் இருபது அடி நீளமும் இருக்கும். லயம் என்கிற தோட்டத்து வரிசைவீட்டில் ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் ஒரு குசினி. இரண்டிலும் புழங்குகிற இடம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டுக்கும் கூரை மெல்லியது. இரண்டிலும் சமைப்பதும் படுப்பதும் சில அடி இடைவெளியில். மூச்சுக்காற்றின் ஈரம் தகரத்தில் படிந்து விடிகாலையில் சொட்டுவதும் இரண்டிலும் உண்டு. ஒரு வேறுபாடு பெரியது: வண்டியில் தங்குகிறவர் விரும்பிப் போகிறார், வேண்டாமென்றால் வீடு திரும்புவார். காம்பராவில் இருப்பவருக்கு அதுதான் வீடு. ஆனாலும் மின்கம்பி எட்டாத சின்ன இடத்தில் வாழ்வது எப்படி என்பதை வண்டிவீட்டுக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வைத்திருக்கிறார்கள். அந்த அனுபவம் நமக்கும் பயன்படும்.

முதலில் கணக்கு

வண்டிவீட்டுக்காரர்கள் பெட்டரி வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போடுகிறார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம். 9 வாட் எல்.ஈ.டி. பல்பு மூன்று, மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை எரிந்தால் 135 வாட்-மணி. இரண்டு கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் 30. ரேடியோ 15. சின்னத் தொலைக்காட்சி இரண்டு மணி நேரம் ஓடினால் 100. எல்லாம் சேர்ந்து 280. தாராளமாக 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் இரவு இவ்வளவில் நடந்துவிடும்.

இப்போது கேத்தலைச் செருகுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 150 வாட்-மணி வேண்டும். கொட்டகலை உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சலுகையைச் சேர்த்த கணக்குத்தான் இது. ஒரு கேத்தல் வெந்நீருக்குச் செலவாவது மூன்று பல்பும் ஓர் இரவெல்லாம் எரிகிற மின்சாரம். 1,000 வாட் ஹீட்டரை நான்கு மணி நேரம் போட்டால் 4,000 வாட்-மணி. வெளிச்சம், போன், ரேடியோ, தொலைக்காட்சி அத்தனைக்குமாகப் பதின்மூன்று நாட்களுக்குப் போதுமானதை ஹீட்டர் ஒரே இரவில் விழுங்கிவிடும்.

இந்த ஏற்றத்தாழ்வு புரிந்துவிட்டால் பாதித் தீர்மானங்கள் தாமாகவே அமையும். வெளிச்சம் சில வாட்டுகளில் நடக்கிற காரியம், சூடு ஆயிரக்கணக்கில். இரண்டையும் ஒரே பெட்டரியிடம் ஒப்படைத்தால் இரண்டும் கிடைக்காது.

பெட்டரி

நாம் அதிகம் காண்பது லொறிகளுக்கும் வேன்களுக்கும் போடுகிற ஈய-அமிலப் பெட்டரி. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி என்றால் கணக்குப்படி 1,200 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால் நம்பக்கூடியது 600. மேலே சொன்ன 300 வாட்-மணிக் குடும்பத்துக்கு இது இரண்டு இரவு. ஹீட்டருக்கு ஏறத்தாழ அரைமணி நேரம்தான் வரும்.

வண்டியைக் கிளப்பும் பெட்டரியும் வீட்டுக்கு வைக்கும் பெட்டரியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. முன்னது சில வினாடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் கொடுக்கச் செய்தது. மெதுவாக ஆழமாக இறக்கினால் சில மாதங்களில் செத்துவிடும். வீட்டுக்கு ஆழ இறக்கத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஈய-அமிலப் பெட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அதனால் அதைக் கட்டிலுக்குக் கீழே வைக்கக் கூடாது. காற்றோட்டமான இஸ்தோப்பு மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம்.

லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகை விலை கூடியது. ஆனால் கொள்ளளவில் எண்பது தொண்ணூறு வீதத்தைப் பயன்படுத்தலாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், எடையும் குறைவு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பது குளிர்நாட்டு வண்டிக்காரர்களின் கவலை. உறைபனி விழுகிற நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அது பொருந்தும், கொட்டகலைக்குப் பொருந்தாது.

இன்னொரு சின்ன விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 12 வோல்ட்டை 230 ஆக மாற்றுகிற இன்வெர்ட்டர், எதையும் செருகாமல் சும்மா கிடக்கும்போதே 10 வாட் அளவில் தின்னும். இரவு பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட்டால் 120 வாட்-மணி போய்விடும். மூன்று பல்புக்கானது ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் வண்டிவீடுகளில் பல்பு, போன் சார்ஜர், தண்ணீர்ப் பம்பி எல்லாமே நேரடி 12 வோல்ட்டில் ஓடுகின்றன. நாமும் 12 வோல்ட் பல்பையே மாட்டிவிட்டால் இன்வெர்ட்டர் செலவு முழுதாக மிச்சம். பெட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வைக்க மறக்கக் கூடாது. 12 வோல்ட் ஆளை அடிக்காது, ஆனால் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தீ மூட்டும்.

ஓடும் வண்டியிலிருந்து பெட்டரியை ஏற்றலாமா? ஏற்றலாம். இழுக்கும் காரின் அல்டர்னேட்டரிலிருந்து பின்வண்டிக்குக் கம்பி போடுவது பழைய வழக்கம். நீண்ட மெல்லிய கம்பியில் வோல்ட் விழுந்துவிடுவதால் பெட்டரி அரைகுறையாகவே நிரம்பும். தடித்த கம்பியும், வோல்டைச் சீராக்குகிற ஒரு கருவியும் இடையில் வேண்டும். வேன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழிதான்: பகலில் ஹட்டன், தலவாக்கலை என்று ஓடுகிற ஓட்டத்திலேயே வீட்டுப் பெட்டரி நிரம்பும். வண்டியை நிறுத்திவைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஏற்றுவது எண்ணெய்க்குப் பிடித்த கேடு.

சூரியன்

100 வாட் சூரியத் தகடு ஒன்று ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெளிவான நாளில் 400 வாட்-மணி அளவில் தரும். நமது 300 அதற்குள் அடங்கும். தென்மேற்குப் பருவமழையில் அதே தகடு அதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான் தரும். ஆகவே வெயில் காலத்தை வைத்துத் தகடு வாங்கினால் ஜூனில் இருட்டு. கொட்டகலைக்கு ஒரு குடும்பத்துக்கு 200 முதல் 300 வாட் வரை தேவை என்பதே நேர்மையான கணக்கு.

இலங்கைக்கு இது புதிதல்ல. 1997இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய திட்டமும் அதன் தொடர்ச்சியும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கிராம வீடுகளுக்குச் சிறு சூரிய மின்தொகுதிகளைக் கொண்டு சேர்த்தன. சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற நிறுவனங்கள் கடன் கொடுத்தன. பிறகு மின்சார சபையின் கம்பி வந்த இடங்களில் பல தொகுதிகள் கழற்றிப் போடப்பட்டன. கம்பி வந்ததும் துணை எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். 2022இல் அந்தப் பழைய தகடும் பெட்டரியும் இருந்திருந்தால் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் படித்திருப்பார்கள்!

2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தோடு நகரங்களில் கூரைத் தகடுகள் பெருகின. இங்கே ஓர் எச்சரிக்கை. மின்சார சபையின் கம்பியோடு இணைத்த, பெட்டரி இல்லாத தகடு, கரண்ட் போன நிமிடமே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைக்க அது உதவும், மின்வெட்டுக்கு உதவாது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கரண்ட் போனா இது வேலை செய்யுமா?" என்பதே.

ஓடை

மழைக்காலத்தில் சூரியன் கைவிடுகிறது. அதே மழைக்காலத்தில் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வெயில் காலத்தில் ஓடை மெலியும்போது தகடு நன்றாக வேலை செய்யும். ஒன்று இளைக்கும்போது மற்றது கொழுக்கிற இந்தப் பொருத்தம் மலையகத்துக்கு வாய்த்த பெரும் வசதி. அதை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

நாட்டின் நீர்மின்சார வரலாறே இந்த மலையிலிருந்துதான் தொடங்குகிறது. டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றிய கட்டுரையை வாசித்தார். அவர் கனவு கண்ட லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் பிறகு வந்தன. தலவாக்கலையில் ஆற்றை மறிக்கும், 150 மெகாவாட் திறனுள்ள மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. கொட்டகலையைச் சுற்றியுள்ள மலைகளில் பெய்கிற மழை நாட்டுக்கு வெளிச்சமாகப் போகிறது. அந்த மலையிலேயே கொழுந்து பறிக்கிறவர்களின் வீட்டு வெளிச்சத்துக்கு அதில் நேரடியான ஒரு பங்கு இருப்பது நியாயம்.

அந்தப் பங்கு ஒரு காலத்தில் வேறு வடிவத்தில் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் ஓடைத் தண்ணீரால் சுழலும் சிறு டர்பைன்கள் தொழிற்சாலையை ஓட்டின. தேசியக் கம்பி வந்ததும் பெரும்பாலானவை துருப்பிடிக்க விடப்பட்டன. ஷூமாக்கர் 1966இல் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு 1980களில் இங்கே வந்து, கைவிடப்பட்ட தோட்ட டர்பைன்களைத் திருத்தி ஓட்டிக் காட்டியது. அந்த அனுபவத்திலிருந்துதான் கிராமச் சிறுநீர்மின் திட்டங்கள் பிறந்தன. கிராமத்தாரே மின்பாவனையாளர் சங்கம் அமைத்து, கால்வாய் வெட்டி, குழாய் பதித்து, மாதச் சந்தா கட்டி நடத்தினார்கள்.

வினாடிக்கு 10 லீற்றர் தண்ணீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புப் போக ஏறத்தாழ ஒரு கிலோவாட் கிடைக்கும். கேட்கச் சிறிது. ஆனால் இருபது காம்பராக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 வாட்; இரவு பகலாக, பெட்டரி இல்லாமல், எண்ணெய் இல்லாமல். ஒவ்வொரு வீட்டுக்கும் நாளொன்றுக்கு 1,200 வாட்-மணி வரை. மேலே போட்ட குடும்பக் கணக்கைப் போல நான்கு மடங்கு.

சிறுநீர்மின் நிலையத்தில் ஒரு கருவி இருக்கிறது. சூடு பற்றிய நம் கேள்விக்கு அது முக்கியமானது. வீடுகளில் பல்புகள் அணைந்து பாரம் குறைந்தால் டர்பைன் கண்மண் தெரியாமல் சுழலும். அதைத் தடுக்க, மிஞ்சும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வெப்பக் கம்பிச் சுருளுக்குத் திருப்பிவிடும். அந்தச் சுருளைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவைத்தால் ஊர் உறங்கிய பிறகு இரவெல்லாம் தண்ணீர் சூடேறிக்கொண்டிருக்கும். விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு) போகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வெந்நீர். மின்சாரத்தைச் சூடாக மாற்றுவதற்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான்: எரித்தாலும் எரிக்காவிட்டாலும் வீணாகிற மின்சாரம்.

ஜெனரேட்டர்

தேயிலைத் தொழிற்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் பால் சேகரிக்கும் நிலையத்துக்கும் ஜெனரேட்டர் இன்றியமையாதது. வாடல் தொட்டியில் கிடக்கிற கொழுந்துக்கு மின்விசிறி நின்றால் அன்றைய பறிப்பே பாழ். ஒரு வீட்டுக்கு அது பொருந்துமா என்பதுதான் ஐயம். சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு அரை லீற்றரளவு குடிக்கும். மூன்று பல்பை மட்டும் எரித்தாலும் அந்தக் குடி அதற்கேற்பக் குறைந்துவிடாது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் 1,000 அடிக்கு மூன்று வீதத்துக்கு மேல் வலு குறையும். கொழும்பில் 1,000 வாட் தருகிற இயந்திரம் கொட்டகலையில் 870 வாட் அளவில்தான் தரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அதன் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. மழைக்கு ஒதுக்கி இஸ்தோப்பில் வைத்து ஓட்டினால் லயத்தின் பொதுக்கூரைக்கு அடியால் புகை பக்கத்துக் காம்பராக்களுக்குப் போகும். ஜெனரேட்டர் வேண்டுமென்றால் ஒரு லயத்துக்கு ஒன்று, வீடுகளிலிருந்து தள்ளித் தனிக்கொட்டிலில் வைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி எல்லா வீட்டுப் பெட்டரிகளையும் ஏற்றுவதே முறை. அப்படிச் செய்தால் குடிக்கிற எண்ணெய்க்கும் நியாயம் கிடைக்கும்.

குளிர்ச்சி

கொட்டகலைக்கு ஏ.சி. வேண்டாம். குளிர்ச்சி வேண்டியது மருந்துக்கும் பாலுக்கும். தடுப்பூசியும் திறக்காத இன்சுலினும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பாவனைக்குத் திறந்த இன்சுலினைப் பொதுவாக நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம். கொட்டகலையின் அறை வெப்பம் அதற்கு இயல்பாகவே உகந்தது. வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால், கரண்ட் போனவுடன் பதறிப் புட்டியை ஐஸில் புதைத்து உறைய வைத்துவிடாமல் இருப்பதே முக்கியம். உறைந்த இன்சுலின் பயன்படாது.

வண்டிவீடுகளில் இரண்டு வகைக் குளிர்சாதனப் பெட்டிகள் உண்டு. ஒன்று, காஸ் சுடரால் ஓடுவது. சுவீடன் மாணவர்கள் பிளாட்டனும் முன்டர்ஸும் 1922இல் கண்டுபிடித்தது. மின்சாரம் எட்டாத நாடுகளில் தடுப்பூசிகளை நெடுங்காலம் காத்தது இதன் மண்ணெண்ணெய் வடிவம். அசையாமல், சாயாமல், சமதளத்தில் நிற்க வேண்டும். வெளியேறும் புகைக்கு வழியும் வேண்டும். மற்றது 12 வோல்ட் கொம்பிரசர் பெட்டி. நாளுக்கு 500 வாட்-மணி அளவில் எடுக்கும். 300 வாட் தகடும் லித்தியம் பெட்டரியும் இருக்கிற வீட்டுக்கு, வெளிச்சத்தில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தால், வெயில் காலத்தில் இது கட்டுப்படியாகும். தோட்ட மருந்தகத்துக்கு இவை இரண்டையும்விட, சுவரைச் சுற்றி ஐஸ் உறைந்து நாட்கணக்கில் குளிரைப் பிடித்துவைக்கிற தடுப்பூசிப் பெட்டி சிறந்தது.

மாடு வளர்க்கிற தோட்டக் குடும்பங்களுக்கு மாலைப் பால்தான் கவலை. கறந்த பால் சில மணி நேரத்துக்குள் 4 பாகைக்குக் குளிர வேண்டும். இதை வீட்டில் செய்ய முயல்வதைவிடச் சேகரிப்பு நிலையத்துக்குப் பெட்டரியோடு கூடிய சூரியத் தகட்டைப் போடுவது பலருக்கும் பலன் தரும்.

சூடு

கடினமான பகுதி இதுதான். உயிர்ச்சேதம் அதிகம் நிகழ்கிற பகுதியும் இதுதான். மூடிய அறையில் கரிச்சட்டியை வைத்து உறங்குவது கார்பன் மொனொக்சைட்டோடு உறங்குவது. எந்தக் குளிரிலும் அதைச் செய்யக் கூடாது. வயர்ச்சுருள் ஹீட்டரைப் பழைய மெல்லிய வயரிங்கில் செருகினால் வயர் கொதிக்கும். லயங்களில் ஒரு காம்பராவில் பிடித்த தீ, ஒரே மரச்சட்டத்தில் நிற்கிற கூரை வழியாக வரிசை முழுவதையும் எரித்துவிடுவதை மலையகம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது.

குப்பி லாம்பு வெளிச்சத்துக்கானது என்றாலும் தீ விபத்தின் முதல் காரணங்களில் ஒன்று. தட்டினால் கவிழ்ந்து, மூடி கழன்று, எண்ணெய் உடலில் கொட்டும். தீக்காயம்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான கனத்த கண்ணாடியும் திருகு மூடியும் கொண்ட, விழுந்தாலும் உருளாத விளக்கை உருவாக்கிப் பரப்பினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். மண்ணெண்ணெய் விளக்கை இன்னும் கைவிட முடியாத வீட்டில் அந்த வடிவமே இருக்க வேண்டும்.

காஸ் அடுப்பைப் பற்றி 2021 நவம்பரிலும் டிசம்பரிலும் நாடே பயந்தது. சிலிண்டர் காஸின் கலவை மாறிய பிறகு வெடிப்புகள் தொடர்ந்தன. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் வண்டிவீடுகளில் தரைமட்டத்திலேயே வாயு வெளியேறத் துளை விடுகிறார்கள். சிலிண்டரை வெளிப்புறப் பெட்டியில் வைக்கிறார்கள். நம் குசினியிலும் சிலிண்டரை வெளிச்சுவரோரம் மழை படாத மறைப்பில் வைத்து, கதவுக்கு அடியில் காற்றுப்போக வழி விடலாம். செலவில்லாத காரியம்.

ஐரோப்பிய வண்டிகளில் டீசல் ஹீட்டர் பரவலாக இருக்கிறது. வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையையும் வெளியே விட்டு, சூடான காற்றை மட்டும் உள்ளே அனுப்பும். மணிக்கு கால் லீற்றருக்குள் டீசலும், விசிறிக்குச் சில பத்து வாட்டும் போதும். மலைக்கு வருகிற சுற்றுலா வண்டிக்கு நல்ல தீர்வு. தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாது.

எட்டக்கூடியது எது? மேலே பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவின் கூரை 11 சதுர மீற்றர். வெறும் தகரம் என்றால், உள்ளுக்கும் வெளியிலுமாகப் பத்துப் பாகை வேறுபாடு இருக்கும் இரவில் கூரை வழியாக மட்டும் 700 வாட் அளவு வெப்பம் வெளியேறும். தகரத்துக்குக் கீழே காற்றிடைவெளி விட்டு ஒரு சீலிங் அடித்தால் அது 300 வாட் அளவுக்குக் குறையும். உறங்குகிற மனித உடல் ஒன்று 70 வாட் அளவில் சூடு தருகிறது. ஐந்து பேர் உறங்கும் அறையில் 350 வாட். கதவிடுக்கிலும் சுவரிலும் போகிற சூடு தனிக்கணக்கு. ஆனாலும் கூரையில் போவதை அந்த வீட்டு மனிதர்களே ஈடுசெய்துவிடுகிறார்கள். பெட்டரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒருமுறை செலவு. விடிகாலையில் சொட்டுகிற தகரத்தண்ணீரும் நின்றுவிடும். மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத் தகடுகள் எளிதில் தீப்பற்றுபவை. பலகையோ சிமெந்துத் தகடோ பாதுகாப்பு.

அடுத்தது அடுப்பு. மலைவீட்டில் சமையலுக்கு எரிகிற கவ்வாத்து மிளாரும் யூகலிப்டஸ் விறகுமே இன்றும் பெரிய வெப்பமூலம். இரண்டு பானை வைக்கிற அனகி களிமண் அடுப்பு 1980களிலிருந்து நாடெங்கும் பரவியது. விறகை நன்றாக மிச்சப்படுத்தும். அதற்கு ஒரு புகைபோக்கியும் வைத்தால் பெண்களின் நெஞ்சுக்குள் போகிற புகை கூரைக்கு மேலே போகும். மண்சுவரிலும் கல்லிலும் ஏறிய சூடு சமையல் முடிந்த பிறகும் சில மணி நேரம் நிற்கும். அடுப்பிலேயே காய்ச்சிய தண்ணீரை இறப்பர்ப் பையில் ஊற்றித் துணி சுற்றிப் பாட்டியின் காலடியில் வைக்கலாம். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எப்போதும் மலிவு.

கூரை யாருடையது?

இத்தனை வழிகளையும் சொன்ன பிறகு ஒரு தடையைச் சொல்லாமல் விட முடியாது. தகடு மாட்டக் கூரை வேண்டும். சீலிங் அடிக்கச் சட்டம் வேண்டும். ஓடையில் குழாய் பதிக்க நிலம் வேண்டும். லயத்தின் கூரையும் சட்டமும் அங்கே நான்கு தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குச் சொந்தமில்லை. நிலம் அரசுடையது; 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில். தனக்குச் சொந்தமில்லாத கூரையில் தன் சேமிப்பை ஆணியடிக்க யாரும் தயங்குவார்கள். மலையகத்தின் மின்சாரப் பிரச்சினைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்திய உதவியோடு கட்டப்படுகிற, ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் இந்த நிலையை மாற்றத் தொடங்கியிருக்கின்றன. நரேந்திர மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அப்படிக் கட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் சீலிங், புகைபோக்கி, 12 வோல்ட் கம்பிக்கான குழாய், தகடு மாட்டக் கொக்கி ஆகிய நான்கையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு உடைத்துச் செய்வதற்குப் பல மடங்கு ஆகும். லயங்களில் இன்னும் வாழ்கிறவர்களுக்கு, தகடும் பெட்டரியும் பொருத்துவதற்கான எழுத்துமூல அனுமதியைத் தோட்ட நிர்வாகங்கள் பொதுவாக வழங்கலாம். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும். கைவிடப்பட்ட டர்பைன் அறை இருக்கிற தோட்டங்களில் அதைத் தொழிலாளர் கூட்டுறவு ஒன்றிடம் ஒப்படைக்கக் கேட்க வேண்டும்.

கையில் சிறுதொகை மட்டும் இருக்கிற குடும்பத்துக்கு என் வரிசை இது. முதலில் சீலிங்கும், குசினிக் கதவு தவிர மற்றக் கதவிடுக்குகளை அடைப்பதும். இரண்டாவது, புகைபோக்கியோடு நல்ல அடுப்பு. காஸ் இருந்தால் சிலிண்டர் வெளியே. மூன்றாவது, 12 வோல்ட் பல்புகளும் ஆழ இறக்கத் தாங்கும் பெட்டரியும், மின்சாரம் இருக்கும்போதே அதை ஏற்றிவைக்க ஒரு சார்ஜரும். நான்காவது, 200 வாட் தகடு. அதற்கு மேல் தேவைப்படுவதெல்லாம் தனிக்குடும்பத்தின் தோளுக்கு மிஞ்சியவை: ஓடை, ஜெனரேட்டர், பால் குளிரூட்டல், மருந்துப் பெட்டி. அவை லயத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வர வேண்டியவை. வரிசையைத் தலைகீழாக்கி முதலில் இன்வெர்ட்டரும் ஹீட்டரும் வாங்கியவர் அடுத்த மின்வெட்டில் இருட்டிலும் குளிரிலும் சேர்ந்தே இருப்பார். இந்த வரிசையில் போனவர் வீட்டில் வெளிச்சம் குறைவாக இருக்கலாம், பிள்ளை படிக்கும், பாட்டி குளிரில்லாமல் உறங்குவார்.